உவரும் களரும் ஒன்றல்ல

நம் தேசத்தில் உப்பினால் கெட்டுக் கிடக்கும் நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இதில் சுமார் 38 லட்சம் ஹெக்டேர் களர், எஞ்சியது உவர். இரண்டிலும் பயிர் கருகக் கண்டு, இரண்டும் ஒரே நோய் என்றெண்ணி ஒரே மருந்தைத் தேடுவோர் பலர். இத்தவற்றின் பலனை அநுபவிப்பவன் ஏழைக் குடியானவனேயாவான்.

உவர் நிலத்தில் நீரில் கரையும் உப்புக்கள் மிகுந்திருக்கின்றன. வேர் உறிஞ்ச முயலும் நீரை அவ்வுப்பு விடாமல் பிடித்துக் கொள்கிறது. ஆகவே, மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் தாகத்தால் வாடுகிறது. பிறகு சோடியம் உள்ளே புகுந்து, பொட்டாசியத்திற்குரிய இடத்தைக் கவர்ந்து, இலைகளின் நுனியைக் கருக்குகிறது. களரின் கேடோ வேறு. அங்கே மண் துகள்களைப் பற்றிக்கொண்ட சோடியம் மண்ணின் கட்டையே குலைத்துவிடுகிறது. நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை. நீர் கீழே இறங்குவதில்லை. வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை. காரம் மிகுந்திருப்பதால், துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை.

நோய் வேறானால் பரிகாரமும் வேறாகத்தானே இருக்கவேண்டும்? 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியால் நாகப்பட்டினம் பகுதி வயல்களில் கடல்நீர் புகுந்தது. அடுத்த ஆண்டின் பருவமழை அவற்றில் பலவற்றின் உப்பைக் கழுவிச் சென்றது. களரை மழை மட்டும் கழுவாது. முதலில் ஜிப்சம் இட்டு, அதிலுள்ள கால்சியத்தால் சோடியத்தைப் பெயர்க்கவேண்டும். பின்னர் நல்ல நீரைத் தேக்கி அதை வெளியேற்றவேண்டும். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவதும் பெரிதும் துணை செய்யும்.

பயிர்களின் இயல்பையும் கவனிக்கவேண்டும். பார்லி தாங்கும் உப்பில் பாதியைக்கூட நெல் தாங்காது. ஆயினும், உவருக்கு அஞ்சும் அதே நெல்லே களர் நிலத்தைத் திருத்துகையில் முதலில் நடத்தக்க பயிராகிறது. வயலில் நிற்கும் நீர் காரத்தைத் தணிப்பதே இதற்குக் காரணம். நெல்லின் வலிமையும் எப்பருவத்திலும் ஒன்றன்று. முளைக்கும்போது உப்பைப் பொறுக்கும். இளநாற்றாக இருக்கையிலும், பூக்கும் தறுவாயிலும் தளர்ந்துபோகும். ஆதலின் சற்று முதிர்ந்த நாற்றை நெருக்கி நடுவது விவேகமாகும். கர்னாலில் 1969-ம் ஆண்டு தோன்றிய மத்திய ஆராய்ச்சி நிலையமும், திருச்சி விவசாயக் கல்லூரியும் இத்தகைய நிலங்களுக்கேற்ற நெல் ரகங்களை அளித்திருக்கின்றன. கேரளக் கரையோரத்துப் பொக்காளி நெல்லோ உவரைத் தாங்குவதில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்றது.

அறிவுக்குக் குறைவில்லை, அது வரப்பைத் தாண்டி வயலில் இறங்கவேண்டும் என்பதே நம் கவலை. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் மண்ணின் காரநிலையையும் உப்பின் அளவையும் காட்டுகிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் களர் நிலத்துக்கு எத்தனை ஜிப்சம் தேவை என்பதை, மண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தை அளந்தே நிர்ணயிக்கமுடியும். அந்த அளவு அட்டையில் இல்லை. காரநிலை 8.5-க்கு மேற்பட்ட ஒவ்வொரு வயலுக்கும் அப்பரிசோதனையைச் சர்க்கார் தன் செலவில் செய்து கொடுக்கவேண்டும். பரிசோதியாமல் ஜிப்சமும் விதையும் வழங்குவது பொதுப்பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

வடிகாலோ ஒருவர் வயலோடு முடியும் விஷயமன்று. கீழ்மடைக்காரர் வாய்க்கால் தூர்ந்திருந்தால், மேல்மடைக்காரர் கழுவிய உப்பு அவர் வயலுக்கே திரும்பும். தேச சேவையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தத்தம் கிராமத்தில் மண்வள அட்டைகளைக் குடியானவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். ஊரைக் கூட்டி வடிகால்களைத் தூர் வாரட்டும். வரும் பட்டத்திற்குள் இவ்விரண்டும் நடந்தேறினால், பாழென்று கைவிடப்பட்ட வயல்கள் பல மீண்டும் ஏர் காணும் என்பதில் ஐயமில்லை.