புழு இல்லாத தூண்டில்

பள்ளி விடுமுறை விட்டால் நம் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் தாண்டிப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஒரு வாரம் தங்கிவிட்டு வருவார்கள். போகிற பையன்களில் பாதிப் பேருடைய பையில் உடுப்புக்கு அடியில் தங்கூசி நரம்பும் நாலு முள்ளும் சுருட்டி வைத்திருக்கும். அங்கே போய் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று பெற்றோர் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

ஆங் மோ கியோவை எடுத்துக்கொள்வோம். 1973-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகர் கட்டத் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பு நம் தோட்டங்களைப்போல அங்கேயும் ரப்பர் மரங்கள் நின்றன. இன்று எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. ஆனாலும் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மேற்கே லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் இருக்கிறது. 1910-ல் கட்டி முடித்தது. அங்கிருந்து வரும் காலாங் ஆறு பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவுக்குள் ஓடுகிறது. ஒரு காலத்தில் அது 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெறும் சிமெண்டுக் கால்வாய். அதை உடைத்து, கல்லும் புல்லும் வைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். முழங்கால் தண்ணீரில் மீன் ஓடுவது கரையில் நின்றாலே தெரியும். தோட்டத்துப் பையனுக்குக் கை ஊறத்தான் செய்யும். ஆனால் அங்கே தூண்டில் போடக்கூடாது.

சிங்கப்பூரில் நீர்த்தேக்கமானாலும் பூங்காவானாலும் அதற்கென்று ஒதுக்கிய கரையில் மட்டுமே மீன் பிடிக்கலாம். மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம் வரலாம். பால் வெட்டுகிற குடும்பத்துக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். மாமாவுக்கும் தலைகுனிவு.

இன்னொரு விதி நம்மவர்களுக்குப் புதிது. நீர்த்தேக்கத்தில் மண்புழு, தவளைக்குஞ்சு, கோழிக்குடல் எதுவும் கூடாது. செயற்கை இரை மட்டும்தான். அது குடிதண்ணீர். முள்ளிலிருந்து நழுவிய புழுவும் மிஞ்சிய குடலும் அதில்தானே அழுகும்? என்னைக் கேட்டால் இது நியாயமான விதி. நம் ஆற்றுக்கும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை.

சரி, புழுவில்லாமல் மீன் எப்படிக் கடிக்கும்? நீர்த்தேக்கத்தில் தேடிப் போகும் மீன்கள் விரால், தோமான், தென் அமெரிக்காவிலிருந்து வந்து பெருகிவிட்ட மயில் பாஸ். மூன்றும் வேட்டையாடும் மீன்கள். ஓடுவதையும் துடிப்பதையும் கண்டால் பாயும். கூட்டத்தில் எந்தக் குஞ்சு தள்ளாடுகிறதோ அதைத்தான் முதலில் கவ்வும். பின்லாந்துக்காரர் லௌரி ரபாலா என்ற மீனவர் தம் ஊர் ஏரியில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். 1936-ல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் மீன் வடிவில் செதுக்கி, மிட்டாய் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். இழுத்தால் அது நோஞ்சான் மீன்போலத் தள்ளாடும். பிறகு அந்த இரை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே இருட்டில் கண் மின்னும் வால்ஐ என்ற ஏரிமீனுக்கு அந்தி நேரத்தில் இப்படிப்பட்ட இரைகளைத்தான் இழுக்கிறார்கள். குளிர்நாட்டு மீனுக்கும் நம் தோமானுக்கும் குணம் ஒன்றுதான்.

மூங்கில் கழியும் தக்கையும் இதற்குப் போதாது. எறிய வேண்டும், சுற்றி இழுக்க வேண்டும். ஆறேழு அடிக் கம்பு, ஒரு சாதாரண ரீல், 20 அல்லது 30 ராத்தல் தாங்கும் பின்னல் நரம்பு இருந்தால் போதும். விலை உயர்ந்த கம்பைக் கண்டு மயங்க வேண்டாம். தோமானுக்குக் கூரிய பல். ஆகவே இரைக்கு முன்னால் ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பைக் கட்ட மறக்கக்கூடாது.

விராலுக்கு ரப்பர்த் தவளை. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் புல்லில் சிக்காது. கரையோரப் புல்மேல் எறிந்து, விட்டுவிட்டு இழுக்க வேண்டும். தண்ணீர் ‘டம்’ என்று வெடிக்கும். அப்போது சுண்டினால் தவளை மட்டும் பறந்து உங்கள் முகத்துக்கு வரும்! மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, நரம்பு இறுகிய பிறகு இழுங்கள். மயில் பாஸுக்கு இந்தப் பொறுமை வேண்டாம். வெயில் ஏறிய பிறகும் அது கடிக்கும். சிறிய மீன் வடிவ இரையை வேகமாகச் சுற்றினால் துரத்தி வரும்.

விராலைப்போலத் தோமானும் மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும். வளையம் எழும்பிய இடத்தைப் பார்த்து, அதன் தலை போகும் திசையில் சற்றுத் தள்ளி எறிய வேண்டும். நேராகத் தலையில் போட்டால் ஓடிவிடும். சில சமயம் தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கொதிப்பதுபோல் திரளும். அடியிலே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதற்குள் இரையைப் போட்டால் கோபத்தில் பெரிய மீன் கண்டிப்பாய்க் கடிக்கும். அது திறமையல்ல. காவலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். நம் தோட்டத்து ஆற்றில் தோமான் அருகிப்போனதாகக் குறைப்படுகிறவர்கள் முதலில் இந்தப் பழக்கத்தை விடட்டும்.

தண்ணீரில் இறங்கவே கூடாது. அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் வாலில் விஷமுள் உள்ள தென் அமெரிக்கத் திருக்கை பெருகியிருக்கிறது. யாரோ வளர்த்து அலுத்துப்போய் விட்டதாக இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அங்கே குற்றம்.

ஆங் மோ கியோவிலிருந்து போக வசதியான இடம் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கப் பூங்கா. ரயிலில் வடக்கே இரண்டாவது நிலையம் காத்திப். அங்கிருந்து நடந்தே போகலாம். போனதும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, எந்தக் கரையில் அனுமதி என்று தெரிந்துகொண்டு நில்லுங்கள். விடியலிலும் சாயங்காலத்திலும் மீன் நன்றாகக் கடிக்கும். பின்னால் நடப்பவர் யார், சைக்கிளில் வருபவர் யார் என்று திரும்பிப் பார்க்காமல் எறியக்கூடாது. மூன்று கொக்கி முள் ஒரு குழந்தையின் கன்னத்தில் ஏறினால் எடுப்பது லேசல்ல. குறடு ஒன்று கையில் இருக்கட்டும்.

போவதற்கு முன் ஒரு வாரம் பள்ளித் திடலில் பழகலாம். நரம்பு நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஓர் இரும்பு நட்டைக் கட்டி, இருபது அடி தள்ளி வாளியை வைத்து, அதற்குள் விழும்படி எறியச் சொல்லுங்கள். பத்துக்கு ஆறு விழுந்தால் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம்.