முன்வரிசையும் பின்வரிசையும்

தைப் பொங்கல் கழிந்ததும் பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம் தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதும் ஆறு வயதுமான மழலைகள் வாடகை உடையும் ஒப்பனையுமாக மேடையேறுகின்றனர். பெற்றோர் கண்ணுக்கு அது விருந்து. அந்த மேடையைச் சற்றே உற்று நோக்கினால் வேறொன்றும் புலப்படும். முன்வரிசையில் ஆடும் குழந்தைகளுள் பெரும்பாலோர் சிவந்த மேனியர். கறுத்த பிள்ளைகளும், பருத்த பிள்ளைகளும், தடித்த கண்ணாடி அணிந்தோரும் பின்வரிசைக்குப் போய்விடுகின்றனர். பாரத மாதா யார், அரக்கன் யார், மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கப் போகிறவர் யார் என்பதெல்லாம் ஒத்திகையின் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. இவற்றுள் நகைப்புக்குரியது கண்ணன் வேடம். கார்மேக வண்ணன் என்று நம் முன்னோர் பாடிப் பரவிய கடவுளுக்கு, வெளுத்த பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் முகத்தில் நீலச் சாயம் பூசுகிறோம். அதே வகுப்பில் இயல்பாகவே கார்வண்ணத்தோடு அமர்ந்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்பிள்ளையிடம் எவரும் கடுஞ்சொல் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே பெரியவர்களின் முகக் குறிப்பைப் படிக்கக் குழந்தைகள் கற்றுவிடுகின்றனர். 1940-களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. நிறம் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த பொம்மைகளை, 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள் முன் அவர்கள் வைத்தனர். நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று வினவினர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றனர். உன்னைப் போல் இருப்பது எது என்ற கடைசிக் கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சான்றுகளாகச் சுட்டிய நூல்களுள் கிளார்க்கின் எழுத்தும் ஒன்று. நம் நாட்டில் அத்தகைய சட்டப் பிரிவினை இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை நம் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கும் துணிவு நம்முள் எத்தனை பேருக்கு உண்டு?

வீட்டில்தான் இது தொடங்குகிறது. கருவுற்ற மகளுக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து தருவது எதற்காக என்பதை யாவரும் அறிவோம். பிள்ளை பிறந்தால், ஆணா பெண்ணா என்ற வினாவை அடுத்து வருவது நிறம் பற்றிய விசாரணை. ‘அப்பாவைக் கொண்டிருக்கிறது, ஆனால் களையான முகம்’ என்று பாட்டி சொல்லும் ஆறுதலில் உள்ள அந்த ‘ஆனால்’, குழந்தையின் காதில் பலமுறை விழுந்து தங்கிவிடுகிறது. பின்னர்க் கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், களிம்பு. 1975-இல் நம் சந்தைக்கு வந்த வெண்மைக் களிம்பு ஒன்று, 2020-இல் உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்கிடையே தன் பெயரிலிருந்து வெண்மையை நீக்கிக்கொண்டது. குழாயும் நிறுவனமும் மாறவில்லை. பிள்ளைகளின் வண்ணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மனித முகத்துக்கு வண்ணம் தீட்ட ‘ஸ்கின் கலர்’ வேண்டும் என்று கேட்டு அவர்கள் எடுப்பது வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சியைத்தான். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அந்த மேனி வாய்த்திருக்கிறது? பழுப்புக் குச்சி மரத்தண்டுக்கு மட்டுமே தேய்கிறது.

நிறம் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. கையில் உள்ள வேறுபாடு அவ்வளவு பேசப்படுவதில்லை. மனிதருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். கருவிலிருக்கும் சிசு எந்தக் கை விரலைச் சுவைக்கிறது என்பதைக் கொண்டே அப்போக்கு பிறப்புக்கு முன்பே தோன்றுவதை நுண்ணொலிப் படங்கள் வழியாக ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆயினும் உணவுத் தட்டிலும், திருநீறு வாங்கும் இடத்திலும், எழுதுபலகையிலும் அந்தக் கை இன்னும் குற்றவாளியாகவே நடத்தப்படுகிறது. உண்பதற்கும் கொடுப்பதற்கும் வலக்கை என்ற மரபை விட மனம் வராத குடும்பங்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. எழுதுகோல் அந்த மரபுக்குள் அடங்காது. அதை மட்டுமாவது விட்டுவிடலாம். இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு, எழுதிய வரியின் மேலேயே கை நகர்வதால் மை தீற்றிக்கொள்கிறது. நீள்பலகையில் இருவர் நெருங்கி அமர்ந்தால் அதன் முழங்கை இடப்பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்கிறது, இருவரும் அடித்துக்கொள்கின்றனர், ஏச்சு மட்டும் இடக்கைப் பிள்ளைக்கே. அதைப் பலகையின் இடது ஓரத்தில் அமர்த்தினால் தீர்ந்தது. ஒரு காசு செலவில்லை. எனினும் இந்த எளிய ஏற்பாட்டை அறியாத தொடக்கப்பள்ளிகள் இன்னும் உள்ளன.

இவற்றினும் ஆழமானது, கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. தமிழ் எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்க்கு முன்னால் நிற்கும். ஒலியோ பின்னால் வரும். ‘கொ’ என எழுதக் கொம்பும் காலும் நடுவெழுத்தை இருபுறமும் அணைக்க வேண்டும். இவை நமக்கு எளியவையாகத் தோன்றுவது பழக்கத்தால். வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைக்கோ இந்த வரிசை எளிதில் பிடிபடுவதில்லை. ணகர னகரமும், லகர ளகர ழகரமும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. அக்குழந்தை நூறு முறை எழுதும் தண்டனையைப் பெற்றால், நூறு முறை தவறாக எழுதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தின் சலுகைகள் பெரும்பாலும் பொதுத்தேர்வுக் காலத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. ஆறு வயதில் ‘சோம்பேறி’ என்றும் ‘மக்கு’ என்றும் பெயர் பெற்ற பிள்ளைக்குப் பதினைந்து வயதில் கிடைக்கும் கூடுதல் நேரம் எதை ஈடு செய்யும்?

பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், ஒரே வகுப்பில் உள்ள குழந்தைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என அந்நிலைகளுக்கு இட்ட பெயர்களிலும் பரிவு தெரிந்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பள்ளி வாயிலில் காத்திருக்கும் தாய், ‘எம்புள்ள இன்னும் அரும்புதானா டீச்சர்?’ என்று பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே கேட்கும்போது பெயரின் மென்மை பயனற்றுப் போகிறது. அந்தத் தாயை நோவதற்கில்லை. ஒப்பிட்டே வளர்க்கப்பட்டவர் ஒப்பிட்டே வளர்ப்பார். பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்டது; வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

இனித் திறமை. வேறுபாடு கண்டு மனம் குன்றிய பிள்ளைக்கு மருந்தாக நாம் நீட்டுவது பெரும்பாலும் இதுவே. ‘நடக்க முடியாவிட்டால் என்ன, நீ நன்றாகப் பாடுகிறாயே’ என்கிறோம். கணிதத்தில் மட்டுமே மூழ்கிப் பிற பாடங்களில் தோற்று, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த ராமானுஜனின் கதையை எடுத்துரைக்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வாறுதலில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. குறையை மன்னிப்பதற்குத் திறமையைப் பிணையாகக் கேட்கிறோம். பாடவும் வராத, ராமானுஜனாகவும் ஆகப்போகாத பிள்ளை என்ன செய்யும்? கறுப்பாகவோ, திக்கிப் பேசுகிறவராகவோ, மெல்லக் கற்பவராகவோ இருப்பதற்கு எவரும் ஈடு எதுவும் கட்ட வேண்டியதில்லை. இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டுத்தான் திறமையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

அப்பேச்சும் இன்று சந்தையின் கைக்குப் போய்விட்டது. 2024-இல் குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றது தமிழகத்துக்குப் பெருமை. அதைத் தொடர்ந்து நான்கு வயதுக் குழந்தைகளைச் சதுரங்கப் பயிற்சிக்கு இழுத்துச் செல்வது பெருமையன்று. மாலை வேளையில் அபாகஸ், கீபோர்டு, பரதம், நீச்சல் என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும் பிள்ளைக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று கண்டறிய ஓய்ந்த பொழுதே இல்லை. விசுவநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுத் தந்தவர் அவருடைய தாயார். வீடே முதல் பயிற்சிக் கூடம். சான்றிதழும் பதக்கமும் தராத திறமைகளோ நம் கணக்கிலேயே வருவதில்லை. வகுப்பில் எவர் சோறு கொண்டு வரவில்லை என்பதை முதலில் அறியும் பிள்ளை, குரல் கேட்டே பறவையின் பெயர் சொல்லும் பிள்ளை, கழன்ற மிதிவண்டிச் சங்கிலியை மாட்டத் தெரிந்த பிள்ளை, அழுகிற தம்பியை அமர்த்தத் தெரிந்த பிள்ளை ஆகியோருக்கு எந்த ஆண்டு விழாவிலும் பரிசு இல்லை.

பாராட்டவும் நமக்குத் தெரியவில்லை. குழந்தை ஓவியத்தை நீட்டினால், கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் ‘சூப்பர்’ என்கிறோம். ‘குதிரையின் முன்கால் மடங்கியிருக்கிறதே, இதை எங்கே பார்த்தாய்?’ என்று கேட்டால், அப்பிள்ளை பத்து நிமிடம் பேசும். தன் செயலை ஒருவர் உண்மையாகப் பார்த்திருக்கிறார் என்று அதற்குத் தெரிந்துவிடும். தன் ஆற்றலைத் தானே மதிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் முளைக்கிறது. மிகைப் புகழ்ச்சி அதற்கு உதவாது. பிள்ளைகள் பொய்யை எளிதில் மோப்பம் பிடித்துவிடுவர்.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. நடனத்தின் ஒரு சரணம் முடிந்ததும் பின்வரிசை முன்னுக்கு வரலாம். வேடங்களைக் குலுக்கல் முறையில் வழங்கலாம். கறுத்த பாரத மாதாவைக் கண்டு எந்த நாடும் நாணாது. பட்டப்பெயரைச் சிரித்துக்கொண்டே கடந்து செல்லும் ஆசிரியர், அதை ஒப்புக்கொண்டவர் ஆகிறார் என்பதைப் பயிற்சி நிறுவனங்கள் உணர்த்த வேண்டும். திக்கிப் பேசும் பிள்ளையின் சொற்றொடரைப் பிறர் முடித்து வைக்காமல் காத்திருக்க வேண்டும். வகுப்பும் அந்தப் பொறுமையைக் கண்டே கற்கும்.

மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் குறிப்புக்கென ஓர் இடம் உண்டு. ‘நன்று’, ‘இன்னும் முயல்க’ என்ற இரண்டு சொற்களே ஆண்டுதோறும் அதை நிரப்பி வருகின்றன. அவ்விடத்தில், அந்தப் பிள்ளையிடம் மட்டுமே தாம் கண்ட ஒன்றை ஒரே ஒரு வரியில் எழுதுமாறு ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன் அவ்வரி படிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே பணிச்சுமையால் தவிக்கிறோம் என்று ஆசிரியர்கள் கூறுவது நியாயமே. தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துவது பல ஊர்களின் நடைமுறை. அங்கும் நாளொன்றுக்கு ஒரு பிள்ளை என்று கருதிக் கவனித்து வந்தால், ஜூனில் தொடங்கும் வேலை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும்.