விமானம் இறங்கும்போது காது வலிப்பது ஏன்?



உம்றாவுக்கும் ஹஜ்ஜுக்கும் புறப்படுகிறவர்களுக்கு நாம் எத்தனையோ விடயங்களைச் சொல்லிக் கொடுக்கிறோம். இஹ்ராம் கட்டும் முறை, தவாபில் ஓதுபவை, பெட்டியில் எடுத்து வைக்க வேண்டியவை என்று எல்லாம் சொல்கிறோம். ஆனால் விமானம் தரையிறங்கத் தொடங்கும்போது காதுக்குள் ஊசி ஏற்றுவது போல வருகின்ற வலியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வயதான உம்மாமார் அந்த வலியோடு ஜித்தாவில் இறங்கி, இரண்டு நாட்களுக்குக் குழுத் தலைவர் சொல்வது சரியாகக் கேட்காமல் தடுமாறுவதுண்டு. முதன்முறையாக வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள், தமக்கு ஏதோ பெரிய வருத்தம் வந்துவிட்டதென்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருப்பதும் உண்டு.

ஒரு தாயின் கேள்வியும் வந்திருக்கிறது. அவருடைய மகள், ஆறு மாதக் குழந்தையுடன் கணவரிடம் கத்தாருக்குப் போக இருக்கிறார். “பிளேனில் பிள்ளையின் காது வெடித்துவிடும் என்று அயலில் உள்ளவர்கள் பயமுறுத்துகிறார்கள். இது உண்மையா?” என்று கேட்கிறார். காரணத்தை விளங்கிக்கொண்டால் பயம் பாதி போய்விடும். ஆகவே முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

நுவரெலியாவில் இருப்பது போல

காதின் சவ்வுக்கு உட்புறத்தில் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதனை நடுச்செவி என்பார்கள். அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. 16ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்து எழுதிய இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டாக்கியன் குழாய் எனப்படுகிறது. சாதாரண வேளையில் இக்குழாய் மூடியே இருக்கும். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். அந்த ஒரு கணத்தில் சவ்வின் உள்ளேயும் வெளியேயும் காற்றின் அழுத்தம் சமமாகிவிடும். அல்லாஹ்வின் படைப்பில் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், நாம் இருக்கின்ற அறைக்குள் இயந்திரத்தின் மூலம் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். எனினும் அது தரையில் உள்ள அளவுக்கு இருக்காது. 6,000 அடி முதல் 8,000 அடி வரை உயரமான ஓர் இடத்தில் இருக்கும் காற்றழுத்தமே உள்ளே இருக்கும். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் இருக்கிறது. பீதுருதாலகால மலையின் உச்சி ஏறத்தாழ 8,280 அடி. அப்படியானால் விமானத்தில் இருப்பதென்பது, காதைப் பொறுத்தவரையில், நுவரெலியாவிலோ அதற்கும் சற்று மேலேயோ இருப்பது போன்றதுதான். றம்பொடைப் பாதையில் பஸ்ஸில் ஏறி இறங்கும்போது காது அடைத்துத் திறப்பதை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். மலையிலிருந்து பஸ் இறங்க மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். விமானமோ அந்த இறக்கத்தை இருபது முப்பது நிமிடங்களில் முடித்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது வருவது ஏன்? ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, குழாயைத் தள்ளித் திறந்துகொண்டு தானாகவே வெளியேறும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் வெளி அழுத்தம் குழாயை இன்னும் இறுக்கமாக மூடவே பார்க்கும். நாமாக அதனைத் திறந்து கொடுக்காவிட்டால் சவ்வு உட்புறமாக இழுபட்டு வலிக்கும். விமானம் உயரே பறக்கும்போது வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இறுக மூடி வைத்துப் பாருங்கள். தரையிறங்கியதும் அது நசுங்கிப் போயிருக்கும். மூடிய காதிலும் நடப்பது இதுவே.

என்ன செய்யலாம்?

முதலாவது, இறங்கும் நேரத்தில் தூங்கக் கூடாது. தூங்கும்போது நாம் குறைவாகவே விழுங்குகிறோம். தரையிறங்குவதற்கு அரை மணித்தியாலம் அளவில் விமானம் தாழத் தொடங்கிவிடும். தூங்குவதானால், அந்நேரத்தில் எழுப்பிவிடுமாறு பக்கத்தில் இருப்பவரிடமோ விமானப் பணிப்பெண்ணிடமோ சொல்லி வையுங்கள்.

இரண்டாவது, வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். விமானம் தாழத் தொடங்கியதுமே அடிக்கடி விழுங்குங்கள். டொபி ஒன்றை வாயில் போட்டுச் சுவைக்கலாம், சுவிங்கம் மெல்லலாம், தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். வாயை மூடிக்கொண்டு நன்றாகக் கொட்டாவி விடலாம். முந்தானையால் மறைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

மூன்றாவது, அப்படியும் காது திறக்காவிட்டால் மூக்கை இரு விரல்களால் பொத்திக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். அதுவும் போதாவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பொத்தி, மூக்கைச் சிந்துவது போல மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். இத்தாலிய மருத்துவர் வல்சல்வா 1704ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விவரித்த முறை இது. மெதுவாக என்பதை மறந்துவிட வேண்டாம். பலமாகத் தள்ளினால் உட்செவிக்குக் காயம் ஏற்படக்கூடும். கடும் தடிமன் இருக்கும்போது மூக்கில் உள்ள சளி காதுக்குள் போய்விடவும் கூடும்.

காதில் பஞ்சு அடைப்பதால் பயன் இல்லை. பஞ்சினூடாகக் காற்று தாராளமாகப் போய்வரும். சூடான தண்ணீரில் நனைத்த கடதாசியைக் கோப்பையில் இட்டுக் காதோடு பிடிக்கச் சொல்வோரும் உண்டு. ஆடும் விமானத்தில் அது தீக்காயத்துக்கே வழி. பூண்டு எண்ணெய், தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். அடைப்பு இருப்பது சவ்வுக்கு அப்பால். எண்ணெய் அங்கே போய்ச் சேராது. சவ்வில் துவாரம் இருந்தால் போய்ச் சேரும், ஆனால் அது இன்னும் ஆபத்தானது.

தடிமன் இருந்தால்

மூக்கடைப்பு உள்ளவருக்கே இந்த வலி மிக அதிகம். மூக்கின் பின்புறம் வீங்கியிருக்கும்போது குழாயின் வாசலும் வீங்கி அடைபட்டுவிடும். ஹஜ், உம்றா முடித்து வருகிறவர்களில் பலர் இருமலோடும் தடிமனோடும்தான் திரும்பி வருகிறார்கள். போகும்போது ஜித்தாவில் சுகமாக இறங்கியவர், வரும்போது கட்டுநாயக்காவில் இறங்கும் வேளையில் துடித்துப் போவது இதனால்தான். ஆகவே திரும்பும் பயணத்துக்கும் முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள். மூக்கடைப்பை நீக்கும் ஸ்பிரே மருந்தை, விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் அளவில் முன்னதாக அடித்துக்கொண்டால் பலருக்கு உதவும். அதனை நாட்கணக்கில் தொடர்ந்து பாவிக்கக் கூடாது. இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரிடம் கேட்காமல் இந்த ஸ்பிரேயையோ தடிமன் மாத்திரைகளையோ எடுக்கக் கூடாது. காதில் சீழ் வடிகிறவர்களும், அண்மையில் காதில் சத்திர சிகிச்சை செய்தவர்களும் பயணத்துக்கு முன் டொக்டரைக் காண வேண்டும்.

கைக்குழந்தைகள்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். சுகமாக இருக்கும் குழந்தையின் காது விமானத்தில் வெடித்துவிடாது. ஆனால் வலிக்கும். குழந்தைகளின் குழாய் குறுகியதாகவும் அதிகம் சாய்வில்லாமலும் இருப்பதால் எளிதில் அடைபடும். தானாக விழுங்க வேண்டுமென்று அதற்குத் தெரியாது. ஆகவே இறங்கும் நேரத்துக்கென்று ஒரு பால்வேளையை ஒதுக்கி வையுங்கள். அதற்குச் சற்று முன்னர் வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டாம். விமானம் தாழத் தொடங்கியதும் குழந்தையை எழுப்பி, தலையைச் சற்று உயர்த்தி வைத்துப் பால் கொடுங்கள். தாய்ப்பால், போத்தல், சூப்பி எதுவானாலும் உறிஞ்சி விழுங்குவதே மருந்து. பிள்ளை அழுதால் வெட்கப்பட வேண்டாம். அழுகையும் குழாயைத் திறக்க உதவும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுக்கும் மனைவிக்கு ஜன்னல் ஓர ஆசனத்தைக் கொடுத்து, மறைவாக நீங்கள் இருங்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் தாய் பால் கொடுக்காமல் இருந்தால் வேதனைப்படுவது பேசத் தெரியாத பிள்ளை.

சிறு பிள்ளைகளுக்கு டொபியோ சுவிங்கமோ கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். ஸ்ட்ரோ போட்டுத் தண்ணீரோ பழச்சாறோ குடிக்கச் செய்யுங்கள்.

நோன்போடு பயணம்

றமழானில் உம்றாவுக்குப் போகின்றவர்கள் கேட்பார்கள்: நோன்போடு இருக்கும்போது என்ன செய்வது? பயணிக்கு நோன்பைப் பிற்போடும் சலுகையைக் குர்ஆனே தந்திருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி, ஸுபஹ் நேரத்துக்கு முன்னரே ஊரின் எல்லையைக் கடந்து புறப்பட்டவருக்கே அன்றைய நோன்பை விடும் சலுகை உண்டு. அதனைப் பின்னர் களாச் செய்ய வேண்டும். நோன்போடு பயணம் செய்கிறவர் டொபியும் தண்ணீரும் எடுக்க முடியாது. மூக்கின் உட்பகுதிக்குச் செல்லும் மருந்தும் காதினுள் செல்லும் சொட்டு மருந்தும் இம்மத்ஹபின்படி நோன்பை முறிக்கும். ஆனால் தன் வாயில் ஊறும் எச்சிலை விழுங்குவதால் நோன்பு முறியாது. கொட்டாவி விடுவதாலும், மூக்கைப் பொத்தி விழுங்குவதாலும் முறியாது. பெரும்பாலானவர்களுக்கு இவையே போதும். கடும் தடிமனும் காது நோவும் உள்ளவர் நோயாளிக்குரிய சலுகையை எண்ணிப் பார்க்கட்டும்.

இறங்கிய பின்னர்

தரையிறங்கிய பிறகும் காது அடைத்தே இருந்தால் கலங்க வேண்டாம். சில மணித்தியாலங்களில், சிலருக்குச் சில நாட்களில், அது தானாகவே சரியாகிவிடும். விழுங்குவதையும் மெதுவாகக் காற்றுத் தள்ளுவதையும் தொடருங்கள். குச்சியோ பஞ்சுக் குச்சியோ விட்டுக் காதைக் குடைய வேண்டாம். வலி தணியாவிட்டால், காதிலிருந்து இரத்தமோ நீரோ வடிந்தால், சில நாட்கள் சென்றும் கேட்கும் திறன் திரும்பாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரைக் காணுங்கள். திடீரென்று காது கேளாமல் போய்த் தலையும் சுற்றினால் அன்றைக்கே போக வேண்டும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஓர் அரபு வசனத்தையும் தருகிறேன். ‘உத்னீ தூஜிஉனீ’ என்றால் ‘எனக்குக் காது வலிக்கிறது’ என்பது பொருள். போய்ச் சேர்ந்த வீட்டில் இதனைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். கேள்விப்புலன் அல்லாஹ் தந்த அமானிதம், அதனைப் பேணுவது நமது பொறுப்பு.

உங்கள் வீட்டிலிருந்தோ அயலிலிருந்தோ யாராவது இம்மாதம் பயணம் புறப்படுவதானால் இதனை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தம்மா என்றால் மூக்கைப் பொத்தி விழுங்கும் முறையை வீட்டிலேயே ஒரு தடவை செய்து பழக்கிவிடுங்கள். அல்லாஹ் பயணிகள் அனைவரையும் ஸலாமத்தாகக் கொண்டு போய்ச் சேர்ப்பானாக. ஆமீன்.