கலைந்ததா, கலைத்தாளா?



என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். சென்ற மாதம், ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவருக்குத் துணையாகத் தனியார் கருத்தரிப்பு மையம் ஒன்றுக்குச் சென்றேன். அவருக்கு வயது 36. முயன்ற ஐந்தாம் மாதத்தில் இயல்பாகவே கருவுற்று, ஒன்பதாம் வாரத்தில் அதை இழந்தவர். தமிழும் பேச்சுக் கன்னடமும் அறிந்தவர். மருத்துவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். இரத்தப் பரிசோதனையில் ஏ.எம்.எச். அளவு 0.6 என்று காட்டி, "லோ ஓவேரியன் ரிசர்வ்" என்றார். "முட்டை தீரப்போகுதாம் அக்கா" என்றேன். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. பத்தே நிமிடங்களில் மூன்று சுற்று ஐ.வி.எஃப். தொகுப்பின் விலைப்பட்டியல் அவர் கையில் இருந்தது.

மொழியியலில் முதுகலை முடித்தவள் செய்த அந்த மொழிபெயர்ப்பு பிழையானது. அப்பிழையே அவரை விலைப்பட்டியலை நோக்கித் தள்ளியது. ஆகவே இதை எழுதுகிறேன். அக்காவின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

ஏ.எம்.எச். என்பது சினைப்பையிலுள்ள சிறு நுண்பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன். ஊசி மருந்தால் தூண்டினால் ஏறத்தாழ எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பதை அது முன்னறிவிக்கும். அப்பெண் இயல்பாகக் கருவுறுவாளா என்ற கேள்விக்கு அது நம்பத்தக்க விடை தருவதில்லை. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு, 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத 750 பெண்களைப் பின்தொடர்ந்தது. 0.7க்குக் குறைந்த அளவுடைய பெண்கள், மற்றவர்களைவிடக் குறைவாகக் கருவுற்றதாக அது காணவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவக் கல்லூரியும் 2019இல், குழந்தையின்மை கண்டறியப்படாத பெண்ணுக்கு இந்த எண்ணை வைத்து அறிவுரை வழங்கலாகாது என்றது. ஐந்து மாதத்தில் கருவுற்ற அக்காவின் நிலைக்கு நெருக்கமான சான்றுகள் இவையே. இழப்புக்கும் அந்த எண்ணைக் காரணமாக்க முடியாது. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிறழ்வால் நேர்பவை. வயது ஏற ஏற அப்பிறழ்வு கூடும் என்பது உண்மை. 36 வயதில் காலம் தாழ்த்தலாகாது என்பதும் உண்மை. ஆயினும் "காலம் தாழ்த்தாதீர்கள்" என்பது வேறு. "தீர்ந்துவிட்டது" என்பது வேறு.

இனி மற்றொரு சொல். அக்காவின் மருத்துவமனைச் சுருக்கத்தில் "ஜி1 பி0 ஏ1" என்றிருந்தது. கருவுற்றது ஒருமுறை, பேறு இல்லை, அபார்ஷன் ஒன்று. தானாகச் சிதைந்ததற்கும் தாமாகக் கலைத்ததற்கும் மருத்துவக் குறிப்பில் ஒரே எழுத்துதான். தமிழோ இவ்விரண்டையும் வினைவடிவிலேயே பிரித்துவைத்திருக்கிறது: கரு கலைந்தது, கருவைக் கலைத்தாள். ஒன்று தன்வினை, மற்றொன்று பிறவினை. குற்றம் சுமத்துவதற்கும் சுமத்தாதிருப்பதற்கும் இடையில் நிற்பது ஒரேயொரு மெய்யெழுத்து. அந்தத் தாளை வாசித்த மாமியார் கேட்ட கேள்வி: "எப்போ பண்ணிக்கிட்ட?" பிரித்தானிய மருத்துவர்கள் 1985இலேயே லான்செட் இதழில் கடிதம் எழுதி, கருவை இழந்த பெண்ணிடம் "அபார்ஷன்" என்ற சொல்லைப் பயன்படுத்தலாகாது என்று வேண்டினார்கள். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் நம் கோப்புகளில் அச்சொல் அப்படியே இருக்கிறது.

அக்காவின் முன் உண்மையில் இருந்த வழிகள் பல. சில மாதங்கள் இயல்பாகவே மீண்டும் முயல்வது முதலாவது. கருச்சிதைவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு, 2017இல் வந்த தொகுப்பாய்வு ஆதரவு தரவில்லை. சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். செய்வது இரண்டாவது. இதில் மருந்தைக் கூட்டினால் முட்டை கூடும் என்ற நம்பிக்கை விற்கப்படுகிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலோ, முட்டை குறைவாகவே கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 300 அலகுக்கு மேல் ஊசியைப் பரிந்துரைக்கவில்லை. வளர்ச்சி ஹார்மோனையும் டி.எச்.இ.ஏ. மாத்திரையையும்கூடப் பரிந்துரைக்கவில்லை. சினைப்பைக்குள் செலுத்தும் பிளாஸ்மா ஊசி இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கிறது. கொடை முட்டை மூன்றாவது, தத்து நான்காவது. இத்தோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு வழிதான். அதை எந்த மையமும் வழியாகக் கணக்கில் கொள்வதில்லை. நான் கேட்டவரை, அக்காவிடம் சொல்லப்பட்டவை இரண்டு: தொகுப்பு; அது தோற்றால் கொடை முட்டை.

கொடை முட்டையைப் பற்றி எளிதாகப் பேசுவோர் ஈரோட்டை நினைவில் கொள்ள வேண்டும். 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டி, பலமுறை முட்டை எடுத்து விற்றதாக அவளுடைய தாய் உள்ளிட்டோர் 2022 ஜூனில் கைதானார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. கொடையாளருக்கு வயது 23 முதல் 35; வாழ்நாளில் ஒரே கொடை; ஏழு முட்டைக்கு மேல் எடுக்கலாகாது என்கிறது அச்சட்டம். ஒரு பெண்ணை "உனக்குத் தீர்ந்துவிட்டது" என்று அவசரப்படுத்தும்போது, மறுமுனையில் இன்னொரு பெண்ணின் உடல்மீது தேவை ஏறுகிறது. மிகைப்படுத்திய ஒரு சொல்லின் விலையை இருவர் செலுத்துகிறார்கள்.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, வெற்றிவாய்ப்பு, நன்மை, தீமை, செலவு, பக்கவிளைவு அனைத்தையும் விளக்கி, தெளிந்து முடிவெடுக்க உதவுவதை மையத்தின் கடமையாக்குகிறது. 22ஆம் பிரிவு எழுத்துவழி ஒப்புதல் கோருகிறது. எந்த மொழியில் என்று அப்பிரிவு பேசவில்லை. 1994ஆம் ஆண்டின் கருவறிதல் சட்டமும் 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டமும் "அவளுக்குப் புரியும் மொழியில்" என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு மட்டும் அந்த ஒரு தொடர் ஏன் இல்லாமற்போனது?

மருத்துவ நண்பர்களின் மறுப்பை நான் அறிவேன். நேரமில்லை, எண்களைச் சொன்னால் நோயாளி மனமுடைந்துபோவார் என்பார்கள். மூன்று சுற்றுக்குப் பணம் கேட்க நேரம் இருக்கிறது. "தீர்ந்துவிட்டது" என்ற சொல்லால் உடையாத மனம், "உங்கள் வயதில் நூறு பேரில் இத்தனை பேருக்குக் குழந்தை பிறக்கிறது" என்ற கணக்கால் உடைந்துவிடுமா? பெண்ணியத் தோழியர் சிலர் இந்தச் சிகிச்சையே தாய்மைக் கட்டாயத்தின் கருவி, அதைச் செப்பனிடுவானேன் என்பார்கள். அந்தக் கட்டாயத்தை நானும் மறுக்கிறேன். ஆனால் குழந்தை வேண்டுமென்று அக்கா விரும்புகிறார். அவ்விருப்பத்தைத் திருத்துவது என் வேலையன்று. அவர் ஏமாறாதிருக்கத் துணைநிற்பதே என் வேலை.

இறுதியாக நம் துறையிடம். அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலை துணி மூடிக் கிடந்தது 1991 முதல் 2009 வரை, 18 ஆண்டுகள். அதைத் திறக்கக் குரல்கொடுத்த தமிழர்களுள் எங்கள் தெருவினரும் உண்டு. அதே பகுதியில் ஒரு தமிழ்ப்பெண் கையொப்பமிடும் படிவம் அவளுக்குப் புரிகிறதா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் "சூலகம்" சரியா, "சினைப்பை" சரியா என்று வாதிட்டிருக்கிறோம். இரண்டையும் அவளிடம் கொண்டுசேர்க்கவில்லை.

எனவே என் வேண்டுகோள் மூன்று. 22ஆம் பிரிவில் "அவளுக்குப் புரியும் மொழியில்" என்ற தொடர் சேர்க்கப்பட வேண்டும். கருச்சிதைவைக் கருச்சிதைவு என்றே கோப்புகளில் எழுத வேண்டும். மொழியியலாளர்களும் மகப்பேறு மருத்துவர்களும் கூடி, தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு பக்க விளக்கத்தாள் ஒன்றை எழுத வேண்டும். மூன்றாவதன் முதல் வரைவை நான் தொடங்கிவிட்டேன். திருத்தித்தர முன்வருவோர் எழுதுங்கள்.

அக்கா தொகுப்புக்குப் பணம் கட்டவில்லை. வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கவிருக்கிறார். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியத்தை நேற்றுதான் சொன்னேன்: "ஊசி போட்டாலும் முட்டை கொஞ்சமாத்தான் கிடைக்குமாம் அக்கா. தானா உண்டாகாதுன்னு அந்த எண் சொல்லலை." வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, அவர் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.