ஓர் இராச் சாப்பாட்டின் முழு விலை



இம்மாதம் நாம் கொஞ்சம் தூரம் போய்வருவோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒர்லாண்டோ நகருக்கு அருகே ‘வோல்ட் டிஸ்னி வேர்ள்ட்’ என்ற மிகப் பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. இன்று அங்கே நான்கு பெரும் பூங்காக்களும் இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. கனடாவிலிருக்கும் நம் உறவினர்களில் பலர் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறார்கள். எடுத்த படங்கள் நம் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்கின்றன. “ஒருநாள் இரவு பெரிய ஸ்டேக் கடையில் சாப்பிட்டோம். காசு கொஞ்சம் கூடத்தான்” என்று அவர்கள் சொல்வதும் உண்டு. நாம் அந்த டொலரை ரூபாவாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஆண்டில் ஒருமுறையோ ஆயுளில் ஒருமுறையோ ஒரு குடும்பம் தன் சக்திக்குச் சற்று மேலே போய் ஒரு மகிழ்ச்சியை வாங்க நினைக்கிறது. அது டிஸ்னி வேர்ள்டில் ஓர் இராச் சாப்பாடாக இருக்கலாம். நம் ஊரில் மகளின் சாமத்தியச் சடங்காகவோ, பிள்ளைகளோடு போகும் ஒரு திருவிழாப் பயணமாகவோ இருக்கலாம். எங்கே நடந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இதன் முழு விலை என்ன, அதை யார் முன்கூட்டியே பார்த்தார்கள்?

முதலில் ஸ்டேக் என்றால் என்னவென்று பார்ப்போம். மாட்டிறைச்சியைத் தடித்த துண்டாக வெட்டி நெருப்பில் வாட்டிக் கொடுப்பதுதான் அது. குழம்பும் இல்லை, தூளும் இல்லை. உப்பும் மிளகும் போதும். ஆகவே இறைச்சியின் தரமே எல்லாம். அமெரிக்க விவசாயத் திணைக்களம் இறைச்சியைத் தரம் பிரிக்கிறது. தசைக்குள் கொழுப்பு எவ்வளவு நுண்மையாக ஓடியிருக்கிறது என்பதே அதில் முக்கியமாகப் பார்க்கப்படும். ‘பிரைம்’ முதலாந்தரம், அடுத்தது ‘சொய்ஸ்’, அதற்கு அடுத்தது ‘செலெக்ற்’. மாட்டின் உடலில் அதிகம் வேலை செய்யாத தசை மெதுமையாக இருக்கும். முதுகின் உட்புறத்திலிருந்து எடுக்கும் ‘பிலே’ துண்டுக்கு விலை ஏறுவது அதனால்தான். சில கடைகளில் இறைச்சியைக் குளிரறையில் பல வாரங்கள் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துவார்கள். அந்த நாட்களில் நீர் வற்றி நிறை குறையும். அந்தக் குறைவுக்கும் சேர்த்தே விலை போடப்படும்.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மில் பல. அவ்வகைக் கடைகளில் மீனும் கோழியும் மரக்கறி உணவும் கிடைக்கும். ஆனால் நாலுபேரில் மூன்றுபேர் மாட்டிறைச்சி தொடாத வீட்டார், இறைச்சிக்குப் பேர்போன கடையின் விலையைக் கொடுத்து அங்கே ஏன் போகவேண்டும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. “எல்லாரும் போகிறார்கள்” என்பது அதற்குப் போதிய பதிலல்ல.

டிஸ்னி வேர்ள்டில் குடும்பங்கள் தேடிப்போகும் மூன்று ஸ்டேக் கடைகளைச் சொல்கிறேன். ஒன்று ‘லு செலியே’. 1982இல் திறக்கப்பட்ட எப்கொற் பூங்காவில் பதினொரு நாடுகளைக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. அதில் கனடாவின் மண்டபத்தில் இந்தக் கடை இருக்கிறது. பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் சேமிப்பறை என்று பொருள். தாழ்ந்த கூரையும் மங்கிய வெளிச்சமுமாக நிலவறை போல அமைத்திருக்கிறார்கள். சீஸ் சேர்த்த சூப் அங்கே பிரபலம். இரண்டாவது, எப்கொற்றின் பின்வாசலிலிருந்து நடந்துபோகக்கூடிய யொற் கிளப் விடுதியிலுள்ள ‘யொற்ஸ்மன் ஸ்டேக்ஹவுஸ்’. மூன்றாவது, கொன்ரெம்பரரி விடுதியில் 2021 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட ‘ஸ்டேக்ஹவுஸ் 71’. பூங்கா பிறந்த ஆண்டைத்தான் பெயரில் வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டிலும் பார்க்க இங்கே செலவு சற்றுக் குறைவு.

இங்கே முதலாவது ஒளிந்த செலவைக் கவனியுங்கள். லு செலியே பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே சாப்பிட வேண்டுமானால் அன்றைக்குப் பூங்காவின் நுழைவுச்சீட்டும் வேண்டும். ஒருநாள் சீட்டு ஒருவருக்கு 100 டொலருக்கு மேல். விடுதிகளிலிருக்கும் மற்ற இரண்டு கடைகளுக்கும் சீட்டு வேண்டியதில்லை. ஆகவே எப்கொற்றுக்குப் போகும் நாளில் லு செலியே பொருந்தும். பூங்காவுக்குப் போகாமல் இளைப்பாறும் நாளில் விடுதிக் கடையே பொருந்தும். இதை மாற்றிச் செய்தால், சாப்பாட்டு விலைக்கு மேலே ஒரு நாளின் நுழைவுச்சீட்டையும் வீணாக்கியதாகும்.

இரண்டாவது, நினைத்தவுடன் போய் இடம் பிடிப்பது கடினம். 60 நாட்களுக்கு முன்பே இருக்கைகளைப் பதிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள். பதிவு செய்துவிட்டு, போகாமலும் உரிய நேரத்தில் இரத்துச் செய்யாமலும் விட்டால் தலைக்கு இவ்வளவு என்று கடன் அட்டையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் தாய்க்கு இதுவும் ஒரு யோசனை.

இப்போது கணக்குக்கு வருவோம். இத்தகைய கடைகளில் நல்ல ஸ்டேக் ஒன்று 60 டொலர் அளவில் இருக்கும். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு இரண்டு ஸ்டேக் 120 டொலர். பிள்ளைகளுக்கான சிறு உணவு இரண்டு 32 டொலர். சூப்பும் குடிபானமும் 28 டொலர். கடைசியில் இனிப்பு 20 டொலர். கூட்டினால் 200 டொலர். பட்டியலைப் பார்த்து மனதில் போடும் கணக்கு இதோடு நின்றுவிடும். ஆனால் அங்கே விற்பனை வரி 6.5 வீதம். அது 13 டொலர். பரிமாறியவருக்குக் கொடுக்கும் ரிப்ஸ் 20 வீதம் என்றால் 40 டொலர். ஆக, மேசையை விட்டு எழும்பும்போது கட்டவேண்டியது 253 டொலர். பட்டியலில் கண்டதைவிட நாலிலொரு பங்குக்கும் மேலே.

ரிப்ஸ் என்றால் நம்மூரில் “சந்தோசமாகப் பார்த்துக் கொடுங்கோ” என்று கேட்கும் காசு போல என்று நினைக்கக்கூடாது. புளோரிடாவில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு டொலராக உயர்ந்து, 2026 செப்ரெம்பர் 30இல் மணிக்கு 15 டொலரை எட்டவேண்டும் என்று 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் மக்கள் தீர்மானித்தார்கள். ஆனால் ரிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு அதில் 3 டொலர் 2 சதத்தைக் குறைத்துக் கொடுக்க முதலாளிக்குச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் குறையை ரிப்ஸ் நிரப்பவேண்டும். எனவே அது தயவில் கொடுப்பதல்ல, பரிமாறுபவரின் சம்பளத்தில் ஒரு பகுதி. அந்தக் காசைக் கணக்கில் சேர்க்காமல் போய், கடைசியில் அதிலே கை வைப்பவர்கள் இன்னொரு குடும்பத்தின் அடுப்பில்தான் கை வைக்கிறார்கள். தட்டு ஏந்துபவர்களில் பெண்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

முற்பணத் திட்டம் என்றும் ஒன்றுண்டு. விடுதியில் தங்குவோர் தங்கள் விடுமுறைக்கான சாப்பாட்டை முன்பே மொத்தமாக வாங்கிவிடலாம். 2020இல் கொரோனாவோடு நின்ற இத்திட்டம் 2024 ஜனவரியில் திரும்பவும் வந்தது. நாளுக்கு இத்தனை வேளை என்று கணக்கு வைப்பார்கள். லு செலியேயிலோ யொற்ஸ்மனிலோ ஒருமுறை சாப்பிட்டால் இரண்டு வேளையின் கணக்கு கழியும். ரிப்ஸ் அதில் சேராது. முன்பே காசு கட்டியதால் அன்றிரவு எல்லாம் இலவசம் போலத் தோன்றும். கட்டிய காசும் நம் காசுதான். நமக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்த அன்று இதே மயக்கம் வருவதில்லையா?

செலவைக் குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. பட்டியலில் நிறையை அவுன்சில் போட்டிருப்பார்கள். 8 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 227 கிராம், 16 அவுன்ஸ் என்றால் 454 கிராம். அது பச்சை இறைச்சியின் நிறை, வாட்டும்போது குறையும். அப்படியிருந்தும் 16 அவுன்ஸ் துண்டு இரண்டு பேருக்குத் தாராளம். பகிர்ந்து உண்ண மேலதிகக் கட்டணம் உண்டா என்று கேட்டபிறகு ஒன்றை இருவர் பகிரலாம். மரக்கறி, கிழங்கு போன்றவை தட்டிலேயே வருமா, தனி விலையா என்றும் கேட்கவேண்டும். குடிபானத்துக்குப் பதில் தண்ணீர் கேட்டால் காசு இல்லை. இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரிமாறுபவருக்குப் பதில் சொல்வது தினசரி வேலை. வெட்கத்தில் வாய்மூடி இருப்பதுதான் செலவு.

எவ்வளவு வாட்டவேண்டும் என்றும் கேட்பார்கள். உள்ளே சிவப்பாக இருக்கும்படி உண்பதே அங்கு பலருக்குப் பழக்கம். பாதுகாப்புக்காக உட்பகுதி 63 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டி, இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவேண்டும் என்று விவசாயத் திணைக்களம் சொல்கிறது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் நன்றாக வெந்ததையே உண்ணவேண்டும். “நல்லாக வேகவையுங்கள்” என்று கேட்டால் நாட்டுப்புறம் என்று நினைப்பார்களோ என அஞ்சவேண்டாம். காசு கொடுப்பவர் தமக்குப் பிடித்தபடி உண்ணலாம்.

சரி, 253 டொலருக்கு என்ன கிடைக்கிறது? இறைச்சி மட்டுமல்ல. காலையிலிருந்து வெயிலில் வரிசை நின்று கால் கடுத்த குடும்பத்துக்கு, குளிரான ஓர் இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருக்கை கிடைக்கிறது. இரண்டு வேலை செய்யும் தகப்பனும் இரவு வேலைக்குப் போகும் தாயும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கதைக்கும் நேரம் அது. அதை வீண்செலவு என்று இங்கிருந்து நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் அந்தச் சாப்பாடு 75,900 ரூபா. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அவர்கள் டொலரில் உழைத்து, டொலரில் வாடகை கட்டுகிறவர்கள். ரூபாவில் மாற்றிப் பார்ப்பது அவர்களுக்கும் நீதியல்ல, நமக்கும் நிம்மதியல்ல.

நீதியாகக் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. முதலாவது, அந்தக் காசு கையில் இருந்ததா, கடன் அட்டையில் ஏறியதா? அமெரிக்காவில் கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 20 வீதத்தையும் தாண்டும். நிலுவை ஓராண்டு அப்படியே கிடந்தால் 253 டொலர் சாப்பாடு 300 டொலரைத் தாண்டிவிடும். சாப்பாடு செரித்து மறந்துபோகும், வட்டி மறக்காது. நுண்கடன் காரர் வாசலில் வந்து நிற்கும் நோவை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சடங்குக்கு மண்டபமும் வீடியோவும் கடனில் எடுத்து, பாடசாலைக் காசுக்கு நகை அடகு வைத்த கதைகள் நம் கிராமங்களில் எத்தனை!

இரண்டாவது கேள்வி, அந்த மேசையில் அம்மா என்ன சாப்பிட்டார்? விடுமுறைக்கு இடம் பதிந்ததும், சீட்டு வாங்கியதும், பிள்ளைகளின் மருந்தை எடுத்து வைத்ததும் பெரும்பாலும் அவர்தான். கணக்கு இறுகும்போது “எனக்குப் பசியில்லை, சூப் போதும்” என்று சொல்பவரும் அவரே. கணவரை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சியதை உண்டே பழகிவிட்டோம். ஆனால் தாய் உண்ணாத விருந்து பிள்ளைக்கும் தொண்டையில் இறங்காது. நாலு பேருக்குக் கட்டாத இடம் என்றால் அது அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற இடமல்ல. விலை குறைந்த கடைக்குப் போய் நாலு பேரும் வயிறார உண்பதே மேல்.

ஆகவே சகோதரிகளே, ஒரு மகிழ்ச்சிக்குச் செலவு செய்வது பாவமல்ல. இழப்புகளைக் கண்டவர்கள் இனிச் சிரிக்கக்கூடாது, நல்லதை உண்ணக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள்: பட்டியல் விலை, அதற்கு மேல் வரும் செலவு, போக்குவரத்து, உழைப்பவருக்குக் கொடுக்கவேண்டியது. கடைசி வரியில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். கூட்டிவரும் தொகை உண்டியலில் இருந்தால் மனநிறைவோடு போய்வாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் சில மாதம் சேருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.