ஆசானை வென்ற மாணவன்

சம்மட்டி என்றதும் கருமான் பட்டறையும் கல் உடைக்கும் குவாரியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். விளையாட்டு மைதானத்தில் எறியும் சம்மட்டி வேறு மாதிரி. 7.26 கிலோ எடையுள்ள உலோகக் குண்டு, அதில் கோத்த எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் ஒரு கைப்பிடி. சோளக் கொல்லையில் கவண் சுழற்றிக் குருவி விரட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கிவிடும். ஆனால் கவணில் கல் மட்டும்தான் சுற்றும். இங்கே ஆளும் சேர்ந்து சுற்ற வேண்டும். ஏழடி அகல வட்டத்தைவிட்டுக் கால் வெளியே போகக் கூடாது. கையைவிட்டுப் போகும்போது குண்டின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் அது எறிபவனை முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பலத்தோடு வெளியே இழுக்கும். வெறும் தடியனுக்கு இது கைவராது.

இந்த வேலையில் உலகம் கண்ட பெரிய ஆள் யூரி சேதிக். ருஷ்யாவின் ரஸ்தோவ் பிரதேசத்தில் நோவோசெர்காஸ்க் நகரில் 1955-ல் பிறந்து, உக்ரேனில் தினீப்பர் நதிக்கரையிலுள்ள நிகோபோல் ஊரில் வளர்ந்தவர். 1986 ஆகஸ்ட் 30 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அவர் எறிந்த 86.74 மீட்டரை எத்தனையோ ஆண்டுகளாக எவரும் தொட முடியவில்லை. ஆனால் தோழர்களே, இந்தச் சாதனையைவிடப் பெரியதாக எனக்குப் படுவது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம்.

அவருடைய ஆசான் அனதோலி பொந்தார்ச்சுக், உக்ரேன்காரர். ஆசானும் சாமான்யப்பட்டவர் அல்ல. 1969-ல் இரண்டு முறை உலக சாதனையை உயர்த்தினார். 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் 75.50 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். இப்படி உச்சியில் நிற்கும் ஒருவர் தன் வித்தையைப் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பாரா? நம்மூரில் கைத்தொழில் தெரிந்த சிலர் கடைசிச் சூட்சுமத்தை மட்டும் ஒளித்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. சொல்லிக் கொடுத்தால் நாளை தன் வேலையே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

பொந்தார்ச்சுக் ஒளிக்கவில்லை. கீவ் நகரில் இளைஞன் சேதிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழக்கினார், தானும் எறிந்துகொண்டே. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக் வந்தது. ஆசானுக்கு வயது 36, மாணவனுக்கு 21. இருவரும் ஒரே வட்டத்தில் இறங்கினார்கள். மாணவன் 77.52 மீட்டர் எறிந்து தங்கம் வென்றான். இரண்டாவதாக வந்தவர் இன்னொரு சோவியத் வீரர் ஸ்பிரிதோனோவ். 75.48 மீட்டர் எறிந்த ஆசானுக்கு வெண்கலம்! தான் செதுக்கிய உளியிடமே தோற்று, அதன் பக்கத்திலேயே மேடையேறி நின்றார். இதைத் தோல்வி என்று எழுதுகிறவனுக்குக் கணக்குத் தெரியாது என்பேன்.

ஆசானின் முறையையும் சொல்ல வேண்டும். பாரம் தூக்கித் தூக்கி உடம்பை ஊத வைத்தால் குண்டு தூரம் போகும் என்று பலரும் நம்பிய காலம் அது. இவரோ எறிவதையே பயிற்சியின் மையமாக வைத்தார். போட்டிக் குண்டைவிடக் கனமானது ஒரு நாள், லேசானது ஒரு நாள் என்று மாற்றி மாற்றி எறிய வைத்தார். எந்தப் பயிற்சி உண்மையில் எறியும் தூரத்தைக் கூட்டுகிறது, எது வெறும் வியர்வை என்று குறித்து வைத்துப் புத்தகங்களாகவும் எழுதினார். பலரும் நான்கு சுற்றுச் சுற்றியபோது சேதிக் மூன்றே சுற்றில் எறிந்தார்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் முதல் எறியிலேயே 81.80 மீட்டர், உலக சாதனை. 1984-ல் சோவியத் யூனியன் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அந்த ஜூலை 3 அன்று அயர்லாந்தின் கார்க் நகரில் சேதிக் 86.34 மீட்டர் எறிந்தார். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸில் தங்கத்துக்குப் போதுமாயிருந்தது 78.08 மீட்டர்! நாடுகளின் சண்டையில் அவர் இழந்த பதக்கம் அது. 1988-ல் சியோலில் சக வீரர் லித்வினோவ் தங்கம் வென்றார், சேதிக் வெள்ளி. 1991-ல் டோக்கியோவில், 36-வது வயதில், உலக சாம்பியன்.

ஒரு விஷயத்தை மூடி மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல. எண்பதுகளின் சாதனைகள் பலவற்றின் மேல் ஊக்க மருந்துச் சந்தேகம் விழுந்திருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் அரசே முன்நின்று வீரர்களுக்கு மருந்து கொடுத்தது ஆவணங்களால் நிரூபணமான உண்மை. சோஷலிசத்தின் பெயரால் நடந்தது என்பதற்காக அதற்கு நாம் வக்காலத்து வாங்க முடியாது. மருந்து ஏற்றிக்கொண்டது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளின் உடம்பு. 2005-க்கு முந்திய உலக சாதனைகளையெல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று 2017-ல் ஐரோப்பிய தடகள சங்கம் யோசனை சொன்னது. அது நடைமுறைக்கு வரவில்லை. தனி ஆள்மேல் ருசுவில்லாமல் பழி போடுவதும் தவறு, கேள்வியே எழக்கூடாது என்று வாயடைப்பதும் தவறு.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. தொழிற்சங்கங்களும் அரசும் நடத்திவந்த விளையாட்டுச் சங்கங்களை நம்பி வாழ்ந்த பயிற்சியாளர்கள் பலர் பிழைப்புத் தேடிப் பல திசைகளுக்குப் போனார்கள். சேதிக், குண்டு எறிதலில் உலக சாதனை படைத்த தன் மனைவி நதால்யா லிசோவ்ஸ்காயாவோடு பிரான்சில் குடியேறினார். பாரிஸ் பக்கத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒளிக்காத ஆசானிடம் கற்றவர், தானும் பல நாட்டுப் பயிற்சியாளர்களுக்கு அந்த மூன்று சுற்றின் நுணுக்கத்தை விளக்கிச் சொன்னார். 2021 செப்டம்பரில், 66-வது வயதில் காலமானார். அவர் வளர்ந்த நிகோபோலில் அடுத்த ஆண்டே பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. அவர் பிறந்த நாடு, அவரை வளர்த்த நாட்டின் மேல் படையெடுத்திருந்தது. அதைக் காண அவர் இல்லை.

ஆசான் பொந்தார்ச்சுக் கனடா போனார். கம்லூப்ஸ் என்ற ஊரில் டிலன் ஆம்ஸ்ட்ராங் என்ற குண்டு எறியும் வீரரைப் பழக்கினார். ஆம்ஸ்ட்ராங் பிறகு தானே பயிற்சியாளரானார். அவர் பழக்கிய ஈதன் கட்ஸ்பர்க் என்ற 22 வயது இளைஞன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 84.12 மீட்டர் எறிந்து சம்மட்டித் தங்கத்தைக் கொண்டுபோனான். மறுநாள் பத்திரிகைகள் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டன.