சார்ஜைத் தின்னும் பதற்றம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப்போகிறேன்.

என் அண்ணன் பேத்தி சென்னையில் வேலை பார்க்கிறாள். இரண்டு தோழிகளோடு சைக்கிளில் கன்னியாகுமரி வரை போகத் திட்டம் போட்டிருக்கிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டு புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி வழியாக ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பத்து நாள் கணக்கு. முதல் நாள் ராத்திரி தங்கல் நம் வீட்டில்தான்.

பெண் போகலாமா கூடாதா என்ற பேச்சு ஒருவழியாக முடிந்தது. இப்போது நிபந்தனைகள். லொகேஷன் 24 மணி நேரமும் ஆனில் இருக்கணும். மணிக்கு ஒரு தடவை போன் பண்ணணும். நாம் கூப்பிட்டால் உடனே எடுக்கணும். எடுக்காவிட்டால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடணும். குடும்பக் குழுவில் இரண்டு வாரமாக இதே விவாதம். "சின்னத் தாத்தா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று என்னிடம் வந்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் முதலில் கணக்குப் போட்டுவிடுகிறேன். பாசத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இன்றைய போன்களில் பெரும்பாலும் 5,000 எம்ஏஎச் பேட்டரி. கூடவே 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வைத்திருக்கிறாள். எடை ஏறக்குறைய 200 கிராம். "ரெண்டு தடவை ஃபுல் சார்ஜ் ஏத்தலாமே" என்றார் அவள் அப்பா. முடியாது. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக மாறும்போதே அளவு குறையும். கொஞ்சம் சூடாகவும் வீணாகும். கையில் கிடைப்பது சுமார் 6,000. பவர் பேங்கின் பின்பக்கம் பொடி எழுத்தில் அதையும் அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். ஆக, ஒரு முழு சார்ஜும் கொஞ்சம் மிச்சமும். அவ்வளவுதான் அவள் சொத்து.

இந்தச் சொத்தைத் தின்பவை எவை? முதலில் திரை வெளிச்சம். அடுத்து, சிக்னல் குறைவான இடத்தில் டவரைத் தேடிக்கொண்டே இருப்பது. தூரத்தில் இருப்பவரிடம் உரக்கக் கத்துகிற மாதிரி, போன் அங்கே அதிக சக்தி செலவழித்துப் பேசும். அப்புறம் லைவ் லொகேஷன். இருக்கும் இடத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் நமக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞையை அது வாங்க மட்டும் செய்கிறது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், ஃப்ளைட் மோடில் போட்டும் வழி பார்க்கலாம். வழி தெரிய ஆகும் செலவு கொஞ்சம். நமக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க ஆகும் செலவுதான் அதிகம்.

நான் சொல்ல வந்தது இதுதான். நம் பதற்றம் அவள் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஒரு தடவை "எங்கே இருக்கே?" என்று கேட்கும்போது கொஞ்சம் செலவு. பெரியம்மா, மாமா, அத்தை என்று ஆளுக்கொரு தடவை கேட்டால், சாயங்காலம் நிஜமாகவே உதவி கேட்கவேண்டிய நேரத்தில் போன் செத்துக் கிடக்கும்.

இரண்டாவது விஷயம் பேட்டரியைவிடப் பெரியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு கார்கள் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கூவத்தூர் என்று அவள் வரும் வழியெல்லாம் பின்னால் வரும் வண்டியின் சத்தம்தான் அவளுக்கு முதல் பாதுகாப்பு. காதில் இயர்போனை மாட்டச் சொல்வதும், அடிக்கும்போதெல்லாம் எடுக்கச் சொல்வதும், அவள் காதையும் ஒரு கையையும் நாமே பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். எடுக்காவிட்டால் திரும்பி வரணும் என்று மிரட்டி வைத்தால், லாரி முந்தும்போதும் எடுக்கத்தான் பார்ப்பாள்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துதா, சும்மா போகட்டும்" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பிய அதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்டம் பும்காரா மூவரும் 1928-இல்தான் ஊர் திரும்பினார்கள். அத்தனை வருஷம் வீட்டில் இருந்தவர்கள் எப்படிக் காத்திருந்திருப்பார்கள்! அந்தக் காத்திருப்பு யாருக்கும் வேண்டாம். 1983-இல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர், நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும் சின்னக் கணினியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நாடு சுற்றினார். வழியில் பொதுத் தொலைபேசியில் அதை இணைத்து, எழுதியதை அனுப்புவார். அனுப்பிவிட்டு மறுபடி மிதிப்பார். தொடர்பும் இருந்தது, பயணமும் நடந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் அவர் கண்ட ஒழுங்குதான் இன்றைக்கும் சரி என்பேன்.

பெண் பிள்ளை என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி 2018-இல், இருபது வயதில், 159 நாளில் 29,000 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து உலகைச் சுற்றி முடித்தார். வழியில் ஸ்பெயினில் கத்தி முனையில் அவரிடம் கொள்ளையடித்தார்கள். அதையும் மறைக்காமல்தான் சொல்கிறேன். ஆபத்து உண்டு. அதனால்தான் ஆபத்துக்கென்று சார்ஜை மிச்சம் வை என்கிறேன்.

அதனால் என் யோசனை. ஒரு நாளைக்கு மூன்று செய்தி. காலையில் கிளம்பும்போது, மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, ராத்திரி தங்கும் இடம் சேர்ந்ததும். அந்த மூன்றையும் அவள் தவறவே கூடாது. அது அவள் கடமை. இடையில் நாம் கூப்பிடக் கூடாது. அது நம் கடமை. குறித்த நேரம் தாண்டினால் ஒரு மணி நேரம் பொறுப்போம். பிறகு தோழிகளின் எண். பிறகு அன்றைய ஊரில் நமக்குத் தெரிந்தவர். அதற்கும் பதில் இல்லையென்றால் 112. இந்த வரிசையைக் காகிதத்தில் எழுதி அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியாயிற்று.

சாமான்களில் ஒன்றே ஒன்று கூடுதல்: நூறு கிராம்கூட இல்லாத ஒரு கீபேட் போன். பேசாமல் வைத்திருந்தால் பல நாள் சார்ஜ் நிற்கும். அதில் வேறு நிறுவனத்து சிம் போடணும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் 2ஜி மட்டும் உள்ள கீபேட் போனில் அந்த சிம் வேலை செய்யாது. டேட்டா நகராத இடத்திலும் எஸ்எம்எஸ் போய்விடும். "சேந்துட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்கு அது போதாதா? சோலார் தகடு வேண்டாம். ஓடும் சைக்கிளில் அது வெயிலை நேராகப் பார்ப்பதே அபூர்வம். நம் ஊர் டீக்கடையில் கேட்டால் பிளக் பாயிண்டைக் காட்டுவார்கள். சட்டைப் பையில் ஒரு காகிதம்: பெயர், ரத்த வகை, இரண்டு எண்கள். அதற்கு சார்ஜே வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வந்து சைக்கிள் ஓட்டும் ஆசை உங்களில் சிலருக்கு உண்டென்று தெரியும். அங்கே சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சாட்டிலைட் மெசஞ்சர் கருவியை இங்கே எடுத்து வராதீர்கள். நம் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள்.

இப்போது அவள் அம்மாவுக்கு. அம்மாடி, உன் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை காத்திருக்கப்போவது நீதான். ஆனால் வரைபடத்தில் அந்தப் புள்ளி நின்றுவிட்டால் அவள் விழுந்துவிட்டாளா, இளநீர் குடிக்கிறாளா என்று அது சொல்லாது. பார்க்கப் பார்க்க பயம்தான் கூடும். அவள் தன் வாயால் "நல்லா இருக்கேன்மா" என்று மூன்று வேளை சொல்வதை நம்பப் பழகு. இருபத்தாறு வயதுப் பிள்ளையை நம்புவதற்குப் பத்து நாள் நல்ல பயிற்சி.

உதவி என்றேனே. புதுச்சேரி தொடங்கி கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் இருக்கும் என் மாணவர்கள், குடும்பத்தோடு இருப்பவர்கள், "சார், எங்க ஊர்ல நான் இருக்கேன்" என்று உங்கள் எண்ணை இன்பாக்ஸில் அனுப்புங்கள். இங்கே கமெண்டில் வேண்டாம். கிளம்பும் தேதியையும் தங்கும் இடங்களையும் நானும் இங்கே எழுதமாட்டேன். அவளும் ஒரு ஊரைத் தாண்டிய பிறகுதான் அந்த ஊர்ப் படத்தைப் போடுவாள். உறவுகளும் முந்திக்கொண்டு எதையும் பகிரவேண்டாம்.

ஊருக்கு ஒரு மாணவர் கிடைத்தால் போதும். அதைவிட எடை குறைந்த கருவி எந்தக் கடையிலும் இல்லை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
செய்யூர்.